ஊதிப் பார்த்துச் சொல்வது

உருண்டுகொண்டே இருக்கிறது கோழி மூடுகிற பஞ்சாரம், அதன் மூங்கில் சிம்பு ஒன்றில் என் வேட்டிக் கரை மாட்டியிருக்கிறது, நான் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது, ஒரு கையில் காப்பித் தம்ளர், மறுகையில் செய்தித்தாள், காலை ஆறரை மணிக்கு ஒரு மனிதன் இவ்வளவு பொருட்களோடு புறவாசலில் நடமாடக் கூடாது, முதல் பஞ்சாரம் சாய்ந்து இரண்டாவதை இடிக்கிறது, இரண்டாவதும் கவிழ்கிறது, இரண்டுக்குள்ளிருந்தும் மஞ்சளும் கருப்பும் சாம்பலுமாகப் பதினோரு கோழிக்குஞ்சுகள், கொட்டிய பயறு மாதிரி, துவைகல்லைச் சுற்றி, முருங்கைத் தூரில், என் செருப்பின் மேல், ஓடி ஓடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, கிணற்றடிப் பக்கத்துப் பஞ்சாரத்தில் இருந்தவை பெட்டை, சுவர்ப் பக்கத்துப் பஞ்சாரத்தில் இருந்தவை சேவல், இப்போது எல்லாம் வெறும் குஞ்சு, ஆவுடை அடுக்களையிலிருந்து வருகிறாள், கல்யாணமான முப்பத்தெட்டு வருஷமாக என் ஒவ்வொரு சத்தத்துக்கும் இப்படித்தான் வருகிறாள், கரண்டியோடு, என்ன உடைந்தது என்று கேட்காமல் எதை உடைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே, அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை, படியில் நின்று பஞ்சாரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், வாய் ஒரு பக்கமாகப் போனது, சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன், சிரிச்சிரு ஆவுடை, அடக்கினா வயித்துக்கு ஆகாது என்றேன், அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள், ஆகா, உட்கார்ந்தே பார்க்கிறாள், எனக்கு ஆள் கிடைத்துவிட்டது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குஞ்சாகப் பிடிக்கிறேன், கவிழ்த்து, வால்பக்கத்துப் பூமயிரை ஊதி விலக்கி, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, பிறகு அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்து, யோசித்து, பெட்டை என்று அறிவிக்கிறேன், அடுத்தது, ஊதல், ஆகாயம், சேவல், இப்படியே பதினொன்றுக்கும், நடுநடுவே அவள் பக்கம் திரும்பிச் சரிதான, சரிதான என்று கேட்டுக்கொண்டு, அவள் வாய் அப்படியே ஒரு பக்கமாக இருந்தது, கண் மட்டும் என்னையே பார்த்தது, என் ஆட்டத்தை அவள் இவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்ததே இல்லை, அதுகூட எனக்கு உறைக்கவில்லை, கடைசிக் குஞ்சையும் பெட்டையில் சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் வலது கையிலிருந்து கரண்டி நழுவிப் படியில் விழுந்தது, அவள் அதை எடுக்கக் குனியவில்லை, விழுந்ததே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. இருபது நிமிஷம்.

இந்த ஊதிப் பார்க்கிற வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எங்கிருந்தும் வரவில்லை, நான் முப்பத்தொரு வருஷம் மாட்டாஸ்பத்திரியில் பதிவேடு எழுதினவன், எந்த ஊர், யார் மாடு, என்ன சீக்கு, என்ன மருந்து, அவ்வளவுதான் என் படிப்பு, ஊசியைக் கையால் தொட்டதில்லை, ஆனால் சாயங்காலம் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வருகிறவன் மேல் ஒரு மருந்து வாசனை இருக்கும், அந்த வாசனையை நம்பித் தெருவில் பாதிப் பேர் என்னை மறித்து முந்தானைக்குள்ளிருந்தும் சட்டைப் பைக்குள்ளிருந்தும் குஞ்சை எடுத்து நீட்டினார்கள், அண்ணாச்சி, நீங்க மாட்டாஸ்பத்திரியில இருக்கிய, ஒங்களுக்குத் தெரியாததா, இது சாவலா பெட்டையா, ஒரு வாக்கு சொல்லுங்க, முதல் தடவையே ஒரே சொல்லில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்த அம்மாளின் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் திறந்த வாயால் ஊதிவிட்டேன், அதற்குப் பிறகு ஊதாமல் இருக்க முடியவில்லை, பாதிக்குப் பாதி சரியாகவே இருக்கும், அது என் திறமை இல்லை, படைத்தவன் அப்படி ஏற்பாடு செய்திருக்கிறான், சரியாக அமைந்தவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், அமையாதவர்கள் தங்கள் ராசியை நொந்துகொள்வார்கள், எனக்கு இரண்டு பக்கமும் லாபம், ஆவுடை ஒருத்திதான் நம்பாதவள், வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் உள்ளேயிருந்து குரல் வரும், ஒங்க ஊதலை இங்க அடுப்புக்குக் கொண்டாங்க, வெறகாவது எரியும். அவள் ஊதுகிறவள் இல்லை, ஆகாயத்தைப் பார்க்கிறவளும் இல்லை, பொரித்த குஞ்சுகளை மடியில் போட்டுக்கொண்டு பயறு பொறுக்குகிற மாதிரி இது இங்கே அது அங்கே என்று பிரித்துவிடுவாள், அவள் பெட்டை என்று கொடுத்த எதுவும் பிற்பாடு கூவினதாகத் தெருவில் பேச்சே கிடையாது, எப்படிட்டி கண்டுபிடிக்க என்று கேட்டால், ஒங்களுக்கு எதுக்கு அது, நீங்கதான் பெரிய ஆஸ்பத்திரிக்காரராச்சே என்பாள், யாராவது குஞ்சு கேட்டு வந்தால் உடனே கொடுக்கவும் மாட்டாள், இப்ப வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, வளத்துப் பெருசாக்கித் தாரேன் என்பாள், என்ன பெரிய மனசு என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதினொன்றும் தாயில்லாதவை, பொரித்த நாலாம் நாள் தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோனது, முருங்கைத் தூரில் கொஞ்சம் சிவப்பு இறகு மட்டும் கிடந்தது, ஆவுடை அதைப் பொறுக்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு பரணிலிருந்து இரண்டாவது பஞ்சாரத்தை இறக்கச் சொன்னாள், இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு குண்டு பல்பு தொங்கவிட்டாள், நொறுங்கிய அரிசியைத் தண்ணீரில் நனைத்துச் சிரட்டையில் வைத்தாள், இன்ன இன்ன பெட்டை, இன்ன இன்ன சேவல் என்று பிரித்தாள், பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்துக்கு ரெண்டு பெட்டை என்று வாக்கும் கொடுத்துவிட்டாள், காலையில் காப்பி குடித்துக்கொண்டே நான் எண்ணிப் பார்ப்பேன், ஒரு நாள் இந்தப் பக்கம் ஏழு அந்தப் பக்கம் நாலு, மறுநாள் ஆறும் ஐந்தும், அதற்கு மறுநாள் எட்டும் மூன்றும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு எண்ணிக்கையும் ஓய்வு பெற்றுவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், இதை வெளியே சொன்னால் அவளுக்கு ஒரு வருஷத்துக்கு வைத்துப் பேச விஷயம் கிடைத்துவிடும், சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம், வைத்துப் பேசியிருப்பாள்.

எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது ஐயா, என்று டாக்டர் கேட்கிறார், பெரிய ஆஸ்பத்திரி, சின்ன வயதுக்காரர், கண்ணில் தூக்கமில்லை, ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில கரண்டி விழுந்துது என்கிறேன், அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க, அதுக்கு முன்னாடி சிரிச்சுக்கிட்டு இருந்தா, சிரிச்சாங்களா, எழுதிக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார், கொஞ்சம் முந்தி வந்திருந்தா நல்லாருக்கும் என்றார், இருவது நிமிசம் முந்தி வந்திருந்தாலா டாக்டர், நிமிஷக் கணக்கால்லாம் பார்க்காதீங்க ஐயா, அன்றையிலிருந்து கைக்கடிகாரம் கட்டுகிறேன், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை, பிற்பகலில் திருப்பூரிலிருந்து மகள் சங்கரி வந்து சேர்ந்தாள், ஏம்ப்பா ஒடனே கொண்டு வரல என்றாள், நான் ஒங்கம்மைக்குக் கோழி ஆட்டம் காட்டிக்கிட்டு இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது, அந்த வாயாலேயே சொன்னேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், யப்பா என்றாள், அதுனாலதானா சங்கரி, நான் மட்டும் சிரிக்காம அவளைப் பார்த்திருந்தா, என்று கேட்டேன், சாப்பிட்டியளாப்பா என்றாள், அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்டதற்கெல்லாம் எல்லாரும் வேறு எதற்கோ பதில் சொன்னார்கள், பேச்சு வருமா டாக்டர், வரலாம், எப்ப, ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி, இவளுக்கு எந்த மாதிரி, அவர் ஒரு கருப்புப் படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், ஒற்றைக் கண்ணைச் சுருக்கினார், பிறகு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார், இந்த நிற்பு எனக்குத் தெரியும், முப்பது வருஷம் நான் தெருவில் நின்ற நிற்பு, நான் ஆகாயத்தைப் பார்ப்பேன், இவருக்கு மின்விசிறி, நான் முகத்தில் நம்பிக்கையோடு குஞ்சை ஏந்திக்கொண்டு நிற்கிற அந்த அம்மாள். ஐந்தாம் நாள் ஆவுடை வாயிலிருந்து ஒரு சொல் வந்தது, ஆமா, சங்கரி அழுதாள், நான் கட்டிலைச் சுற்றி ஒரு சுற்று நடந்தேன், வலிக்குதாட்டி, ஆமா, அப்ப வலிக்கலையா, ஆமா, நான் யாருன்னு தெரியுதா, ஆமா, நான் கலெக்டர்தான, ஆமா, முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் எதற்கும் ஆமா என்று சொல்லாதவள், கல்யாணத்தன்றைக்குக்கூடத் தலையைத்தான் லேசாக ஆட்டினாள், அதுவும் மாலை உறுத்தியதால் என்று பிற்பாடு சொன்னாள், இப்போது எதைக் கேட்டாலும் ஆமா, என் மேல கோவமாட்டி, ஆமா, அந்த ஒரு ஆமாவை மட்டும் நான் நம்பினேன். மத்தியானம் வராந்தா பெஞ்சில் கண் செருகினால் வார்டு முழுக்கப் பஞ்சாரமாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குண்டு பல்பு எரிகிறது, டாக்டர் ஒன்றைத் தூக்கி உள்ளே கைவிட்டு ஆவுடையை எடுக்கிறார், உள்ளங்கைக்குள் அடங்குகிறாள், கல்யாணப் புடவையில் இருக்கிறாள், தலை நரைத்திருக்கிறது, அவர் அவள் பிடரி மயிரை ஊதி விலக்குகிறார், உள்ள இருக்காளா இல்லையா டாக்டர், என்று நான் கேட்கிறேன், மின்விசிறி ஆமா என்கிறது, பெஞ்சு ஆமா என்கிறது, ஆவுடையம்மாள் கூட வந்தவங்க யாரு என்று நர்ஸ் கூப்பிடுகிறாள், நானும் எழுந்து ஆமா என்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு வாரம் கூட இருந்துவிட்டுச் சங்கரி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திருப்பூர் போனாள், போகும்போது தாயின் நெற்றியில் முத்தம் கொடுத்துப் போயிட்டு வரட்டுமாம்மா என்றாள், ஆமா, போகாம இருக்கட்டா, ஆமா, பஸ் ஏறுகிற வரைக்கும் அழுதாள், குஞ்சுகளை அதுவரை புஷ்பம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவற்றில் ஒன்றுகூடச் சாகாமல் கொண்டுவந்து இறக்கினாள், எல்லாத்தையும் ஒரே பஞ்சாரத்துலதான் போட்டு வச்சிருந்தேன் அண்ணாச்சி, மைனி தேறி வந்து பிரிச்சுக்கிடட்டும், எனக்குச் சொன்ன ரெண்டும் எங்க ஓடிறப் போவுது, என்றாள், ஆனாலும் போகிறபோது குஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தாள், மறுநாள் அவளே ஒரு யோசனையோடு வந்தாள், ஈரத்துண்டை நடுவில் வீசணும் அண்ணாச்சி, நிமிந்து நிக்கது சாவல், பதுங்குனா பெட்டை, வீசினேன், பதினொன்றும் பதுங்கின, நானும் கொஞ்சம் பதுங்கினேன், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் தலையை நிமிர்த்துவது சேவல் என்று பால்காரர் சொன்னார், தூக்கினேன், எல்லாம் நிமிர்த்தின, தலைகீழாகத் தூக்கினால் நான்கூட நிமிர்த்துவேன், மோதிரத்தை நூலில் கட்டித் தலைக்கு மேல் பிடித்தால் பெட்டைக்கு வட்டமாகச் சுற்றும் என்று புஷ்பமே மறுபடி வந்து சொன்னாள், என் கை நடுங்குகிற நடுக்கத்துக்கு மோதிரம் வட்டமும் போட்டது, நேராகவும் ஆடியது, எட்டாம் நம்பர்கூடப் போட்டது, பழைய மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டேன், இறக்கை நுனி பாத்துச் சொல்லலாம், ஆனா அதெல்லாம் சில பண்ணைக்கோழிக்குத்தான், என்று சொல்லிவிட்டு, முப்பது வருஷமா நீங்க எப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க என்று ஆர்வமாகக் கேட்டார், சிக்னல் சரியில்லை என்றேன், கொண்டை முளைக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒரு மஞ்சள் கீறல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, இத்தனையும் புஷ்பத்தின் இரண்டு பெட்டைக்காக இல்லை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குள் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது, ஊரில் இது தெரிந்தவள் ஆவுடை ஒருத்திதான், எது எது என்று அவள் பிரித்துக் காட்டிவிட்டால் அவள் உள்ளே இருக்கிறாள், பிரிக்க முடியாவிட்டால், அதற்கு மேல் அந்தப் பந்தயத்தை நான் நினைப்பதில்லை, எழுந்து போய்க் கஞ்சி காய்ச்சுவேன், ஸ்பூனால் ஊட்டுவேன், வலது பக்கம் வழியும், துடைப்பேன், உப்பு போதுமா, ஆமா, கூடிப்போச்சா, ஆமா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்தாள், அட்டையில் படம் ஒட்டி வைத்திருந்தாள், ஆப்பிள், கப்பல், ஒட்டகம், இது என்னம்மா, ஆமா, ஆவுடை பிறந்ததிலிருந்து கப்பலையும் பார்த்ததில்லை, ஒட்டகத்தையும் பார்த்ததில்லை, அவளிடம் போய், அந்தப் பெண்ணுக்கே அது தோன்றியதோ என்னவோ, பழகின சாமானாக் காட்டுங்க ஐயா, தினம் கையில எடுத்ததா, சொல் தானா வரும் என்றாள், வருமாம்மா, வரலாம் என்று சொல்லிவிட்டு அவளும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

சாயங்காலம் நாலரை, முருங்கை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஆவுடை, வலது கையைத் தலையணை மேல் எடுத்து வைத்திருக்கிறேன், பின்னலைப் போட எனக்கு வராது, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பஞ்சாரத்தைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு முதல் குஞ்சை எடுத்து நீட்டினேன், சாவலாட்டி, ஆமா, பெட்டையா, ஆமா, கீழே விட்டு மூடினேன், இரண்டாவது, ஆமா, ஆமா, பெட்டைன்னா கண்ணைச் சிமிட்டு என்றேன், எல்லாரும் சிமிட்டுகிற மாதிரி அவள் சிமிட்டிக்கொண்டே இருந்தாள், மூன்றாவது, நாலாவது, ஆறாவது வரும்போது ஸ்டூலை அவள் பக்கம் இன்னும் இழுத்துப் போட்டேன், நீதான்ட்டி பிரிச்ச, ஒன் கையாலதான் பிரிச்ச, நான்தான் கொட்டிட்டேன், ஒரு தடவை சொல்லிரு, நான் திரும்பக் கொட்ட மாட்டேன், என்றேன், ஆமா என்றாள், ஏழாவதைக் கீழே விட்டேன், எட்டாவது, கழுத்தில் வெள்ளைப் புள்ளி உள்ள சாம்பல் குஞ்சு, அதை எடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது, சும்மா அவள் இடது உள்ளங்கையில் வைத்தேன், சூடாவது தெரியட்டும் என்று, அவள் அதைப் பார்த்தாள், விரல்கள் மெதுவாக மடங்கிப் பிடித்தன, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், கவிழ்த்தாள், வால்பக்கத்துப் பூமயிரை ஊதினாள், காற்று பாதி வாய் வழியாகத்தான் வந்தது, எச்சிலும் சேர்ந்து வந்தது, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தாள், பிறகு தலையை அண்ணாந்து, முருங்கைக் கிளைக்கு நடுவே தெரிந்த ஆகாயத்தை, நெடுநேரம், வேண்டுமென்றே நெடுநேரம் பார்த்தாள், இந்த ஆட்டம் யாருடையது என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, உறைத்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்தேன், எழுந்த அவசரத்தில் வேட்டிக் கரை சிம்பில் மாட்டியது, பஞ்சாரம் உருள்கிறது, உருண்டுகொண்டே இருக்கிறது, மஞ்சளும் கருப்புமாகப் பத்துக் குஞ்சுகள் அவள் பாதத்தின் மேல், நாற்காலிக் காலைச் சுற்றி, துவைகல்லை நோக்கி ஓடுகின்றன, அவள் தலையை இறக்கிப் பஞ்சாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், வாய் ஒரு பக்கமாகப் போனது, நான் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நாற்பத்தேழு, இடது பக்கம், அன்றைக்கும் இடது பக்கம்தான் போனது, சிரித்தாலும் இனி அந்தப் பக்கம்தான் போகும், வாதம் மறுபடி வந்தாலும் அந்தப் பக்கம்தான் இழுக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், எது எது என்று எப்படிப் பிரிப்பது, யாரைக் கேட்பது, எதை ஊதிப் பார்ப்பது, ஆவுடை, என்றேன், ஏட்டி ஆவுடை, சாவலா பெட்டையா, ஒண்ணே ஒண்ணு, சொல்லிரு, அவள் உதடு ஆமாவுக்குத் திறக்கவில்லை, நாக்கு வேறு எதற்கோ பல்லுக்குப் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது, அந்த நேரத்தில் எனக்கு ஏனோ விளக்கு வைக்கிற பொழுதின் அவள் கை ஞாபகம் வருகிறது, சுவர்ப் பக்கத்துப் பஞ்சாரத்துக்குள் நுழைந்து ஒரு குஞ்சை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிவிட்டு, அதைக் கிணற்றடிப் பஞ்சாரத்துக்குள் மெல்ல விடுகிற கை, ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு மறந்திருக்கிறேன், ஏழும் நாலும், ஆறும் ஐந்தும், எட்டும் மூன்றும், இப்ப வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, அதற்குள் கொண்டை முளைத்துவிடும், யாரும் சொல்லிவிடலாம், தெரி, என்றாள், மூச்சு வாங்கினாள், வெள்ளைப் புள்ளிக் குஞ்சைத் தன் மடியில் இறக்கி அதன் முதுகை ஒற்றை விரலால் நீவிவிட்டாள், பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, வாய் இன்னும் கொஞ்சம் இடது பக்கமாகப் போக, கண்ணும் அதோடு சேர்ந்து சுருங்க, தெரியாதுங்க, என்றாள்.